அடிமரமும் அங்காடியும்

நுழையும்முன்

அயல்மொழிச் சொல் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவருவோர், அகராதியில் முதலில் காணப்படும் பொருளை எடுத்தாளுவது எளிது. அப்பொருளே இடத்துக்குப் பொருந்துமா என்று தெளிவதுதான் கடினம். வணிகச் செய்திகளில் நாள்தோறும் இடம்பெறும் 'ஸ்டாக்' என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்க சான்று. பங்கு, சரக்கு, கடன், கால்நடை, குலம், தண்டனைக் கருவி என ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் பல பொருள்களை அது தாங்கி நிற்கிறது. அச்சொல்லின் வரலாற்றையும், அதற்கு இணையாகத் தமிழ் கண்ட சொற்களையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சொல், பல முகம்

நாளிதழின் வணிகப் பக்கத்தைப் புரட்டினால் 'ஸ்டாக்' என்பது பங்கைக் குறிக்கிறது. நியாயவிலைக் கடையின் பலகையில் அதுவே இருப்பு. கணக்குப்பதிவியல் பயிலும் மாணவர், தொடக்கச் சரக்கிருப்பு, இறுதிச் சரக்கிருப்பு என்று அதனை எழுதுகின்றனர். மருத்துவமனையின் மருந்தகத்தில் 'ஸ்டாக் இல்லை' என்ற விடையைக் கேட்டுத் திரும்பும் நோயாளிக்கு அது மருந்தின் இருப்பு. கால்நடை மருத்துவர் 'லைவ்ஸ்டாக்' என்கிறார். தோட்டக்கலை வல்லுநர் ஒட்டுக்கட்டும்போது வேரோடு நிற்கும் செடியை 'ஸ்டாக்' என்கிறார். துப்பாக்கி செய்வோர் தோளில் பொருத்திக்கொள்ளும் அதன் கட்டைப் பகுதியை அவ்வாறே அழைக்கின்றனர். எலும்பும் காய்கறியும் நெடுநேரம் கொதிக்கவைத்து எடுக்கப்படும் சாற்றுக்கும் இதுவே பெயர்.

ஒலிப்பில் மட்டும் ஒத்து, பிறப்பில் வேறுபட்ட சொற்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. 'ஸ்டாக்' அத்தகையதன்று. இத்தனை பொருள்களும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை.

மரத்தின் அடி

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'ஸ்டொக்' என வழங்கியது. அடிமரம், வெட்டி வீழ்த்தப்பட்ட கட்டை, நட்டுவைத்த மரத்தூண் என்பனவே அதன் தொல்பொருள்கள். செருமன், டச்சு ஆகிய மொழிகளில் உள்ள இதன் உடன்பிறப்புச் சொற்கள் இன்றும் கோலையும் தடியையும் குறிக்கின்றன. மரக்கழிகளில் தொங்கவிட்டுக் காற்றில் உலர்த்தப்படும் கருவாட்டுக்கு ஐரோப்பாவின் வடபகுதியில் 'ஸ்டாக்ஃபிஷ்' என்று பெயர் வந்தது இதனால்தான். அசையாமல் நிற்பவரை ஆங்கிலேயர் கட்டைபோல் நிற்கிறார் என்னும் பொருளில் 'ஸ்டாக்ஸ்டில்' என்பர். நெடுமரம்போல் நிற்கிறான் என்று நம்மவர் கூறுவதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

மரத்தால் ஆன பல கருவிகளுக்கு இச்சொல் பெயராயிற்று. கப்பல் கட்டும்போது அதனைத் தாங்கி நிற்கும் மரச்சட்டங்கள் 'ஸ்டாக்ஸ்' எனப்பட்டன. குற்றவாளியின் கால்களைத் துளைகளில் நுழைத்துப் பூட்டி, ஊரார் காண வீதியில் உட்காரவைக்கும் மரப்பொறியும் அப்பெயரே பெற்றது. கொள்ளைநோயால் மக்கள்தொகை குறைந்து, உழைப்பாளர்க்குத் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்த காலத்தில், அவர்கள் கூலியை உயர்த்திக் கேட்பதைத் தடுக்க இங்கிலாந்து 1351ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதற்குக் கட்டுப்பட மறுத்தவர்களை மாட்டிவைக்க ஊர்தோறும் இப்பொறியை அமைக்குமாறு அச்சட்டம் பணித்தது. கூலி கேட்டவரின் காலைப் பிணித்த கட்டைக்கும், பின்னாளில் செல்வர் பெட்டியில் வைத்துக் காத்த ஆவணத்துக்கும் பெயர் ஒன்றாக அமைந்தது சொல் வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

தமிழில் இத்தண்டனைக் கருவிக்குத் தொழுமரம் என்று பெயர். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. தொழு என்னும் சொல் கால்களை மாட்டும் மரத்தையும் குறிக்கும். மாடு கட்டும் கொட்டிலையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் இரு கிளைகளாக இருப்பவை தமிழில் வேறொரு சொல்லில் வந்து கூடியிருக்கின்றன. இது ஒரு மொழி மற்றொன்றிடம் கடன் வாங்கியதன் விளைவன்று, தற்செயலான ஒற்றுமையே.

அடிமரம் என்ற பொருள் உவமையாக விரிந்தபோது வேறு கிளைகள் தோன்றின. ஒரு மரத்தின் அடியிலிருந்து கிளைகள் புறப்படுவதுபோல ஒரு முன்னோரிடமிருந்து வழித்தோன்றல்கள் பெருகுதலால், குலத்தையும் மரபையும் 'ஸ்டாக்' குறித்தது. தமிழில் கொடிவழி என்பதும், வழித்தோன்றலைக் கான்முளை என்பதும் இவ்வாறு செடிகொடிகளிலிருந்து பிறந்த வழக்குகளே. ஒட்டுக்கட்டுவதில் வேரும் அடியும் உள்ள செடி 'ஸ்டாக்'. அதன்மேல் பொருத்தப்படுவது ஒட்டுக்குச்சி. பின்னர் எதற்கும் அடிப்படையாகச் சேர்த்துவைக்கப்பட்டது எதுவோ அது 'ஸ்டாக்' ஆயிற்று. உழவருக்குக் கருவிகளும் கால்நடைகளும், வணிகருக்குச் சரக்கும், சமைப்போருக்கு அடிச்சாறும் அப்பெயர் பெற்றது இம்முறையிலேயே.

பிளந்த கோல்

பணத்தோடு இச்சொல் கொண்ட உறவை அறிய, இடைக்கால இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்துக்குள் செல்லவேண்டும். அங்கே கணக்கு ஏட்டில் மட்டும் எழுதப்படவில்லை; மரக்கோலிலும் வெட்டப்பட்டது. 'டாலி' எனப்பட்ட அக்கணக்குக்கோல் பெரும்பாலும் ஹேசல் என்னும் மரத்தின் குச்சியால் ஆனது.

ஒருவர் கருவூலத்தில் பணம் செலுத்தினால், அத்தொகை கோலின் குறுக்கே வெட்டுகளாகப் பதியப்பட்டது. ஒவ்வொரு தொகைக்கும் வெட்டின் அகலம் வரையறுக்கப்பட்டிருந்தது. ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் என்னும் கருவூல அலுவலர் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய நூல் அதனைத் தெளிவாக எடுத்துரைக்கிறது. 1000 பவுனுக்கு உள்ளங்கையின் பருமன் அளவு வெட்டு. 100 பவுனுக்குக் கட்டைவிரலின் அகலம். 20 பவுனுக்குச் சுண்டுவிரலின் அகலம். ஒரு பவுனுக்குப் பருத்த வாற்கோதுமை மணியின் அளவு. சில்லிங்குக்கு அதனினும் சிறியது. பென்னிக்கு மரத்தை அகழ்ந்தெடுக்காமல் ஒரு கீறல் மட்டும். எழுத்தறியாதவரும் விரலால் தடவித் தொகையை அறியத்தக்க ஏற்பாடு இது.

வெட்டுகள் இட்டு, பணம் செலுத்தியவரின் பெயரும் காரணமும் பக்கங்களில் எழுதப்பட்டபின், கோல் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளக்கப்பட்டது. வெட்டுகளின் குறுக்கே பிளவு செல்லுமாதலால் இரு பாதிகளிலும் அதே வெட்டுகள் இருக்கும். ஒரு முனைக்குச் சற்று முன்னதாகவே பிளவு நிறுத்தப்பட்டமையால், ஒரு பாதி கைப்பிடியோடு கூடி நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும் அமைந்தன. நீளமான பாதி பணம் கொடுத்தவருக்கு. அதன் பெயர் 'ஸ்டாக்'. குட்டையான பாதி பணம் பெற்ற கருவூலத்துக்கு. அதன் பெயர் 'ஃபாயில்'. இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அப்பெயர்.

கணக்குத் தீர்க்கும் நாளில் இரு பாதிகளையும் பொருத்திப் பார்ப்பர். கொடுத்தவர் தம் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டியிருந்தால் மற்றதில் அது இராது. பெற்றவர் தம் பாதியில் ஒன்றைச் செதுக்கிக் குறைத்திருந்தால் அதுவும் வெளிப்பட்டுவிடும். வேறொரு கோலைக் கொண்டுவந்து ஏமாற்றவும் இயலாது. ஒரு மரத்தின் இழையோட்டம் இன்னொன்றில் அப்படியே அமைவதில்லை. நம் ஊர்களில் பால் வாங்கிய கணக்கைச் சுவரில் கரிக்கோடுகளாக இட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. அங்கே கோடு ஒரு சுவரில் மட்டுமே இருப்பதால், கூட்டினாலும் அழித்தாலும் அதனைச் சரிபார்க்க வேறு சான்று இல்லை. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பியாகவேண்டும். பிளந்த கோலோ, இருவரும் ஒருவரையொருவர் நம்பாத நிலையிலும் கணக்கு நேராக நிற்க வழிசெய்தது.

தெரிந்து தெளிவோம்

காசோலை, பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்தில் எஞ்சும் பகுதியை ஆங்கிலத்தில் 'கவுண்டர்ஃபாயில்' என்பர். 'ஃபாயில்' என்னும் அப்பழம்பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் அதற்கு வழங்கும் பெயர் அடிக்கட்டை. மரம் வெட்டியபின் நிலத்தில் எஞ்சி நிற்பதும் அடிக்கட்டையே.

தமிழில் முறி என்னும் சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது. முறிக்கப்பட்ட துண்டு, தளிர் அல்லது இலை, எழுதப்பட்ட ஆவணம் என்னும் மூன்று பொருள்களும் அதற்கு உண்டு. கடன்முறி என்பது கடனுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம். தமிழ்நாட்டில் இன்று கடன் பத்திரம் என்று வழங்குவதை இலங்கைத் தமிழர் பிணைமுறி என்கின்றனர். பழஞ்சொல் ஒன்று அரசின் நிதி ஆவணத்துக்குப் பெயராக அங்கே உயிர்ப்புடன் இருக்கிறது.

இரு கருத்துகள்

கோலின் பாதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர். அது பணம் கொடுத்ததற்குச் சான்று. எனவே பங்கு ஆவணத்துக்கும் அப்பெயர் வந்தது என்று முடிவுகட்டுவது கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. சொற்பிறப்பு ஆராய்ச்சியில் இனிமை சான்றாகாது. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டளவில் 'ஸ்டாக்' என்பது வணிகத்தில் இடப்பட்ட பணத்தொகை என்னும் பொருளில் வழங்கத் தொடங்கியது. அப்பொருள் கணக்குக்கோலிலிருந்து வந்ததா, அல்லது கிளைகள் விரிவதற்கு அடிமரம் நிலைக்களன் ஆவதுபோல ஊதியம் விளைவதற்கு அத்தொகை நிலைக்களன் ஆகிறது என்னும் உவமையிலிருந்து வந்ததா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. இரண்டும் கலந்தே அப்பொருளை உறுதிசெய்திருக்கலாம் என்பாரும் உளர். எவ்வழியில் வந்திருப்பினும் அதன் மூலம் மரமே என்பதில் ஐயமில்லை.

ஒட்டுக்கட்டிய கடன்

கருவூலக் கோல்கள் காலப்போக்கில் வெறும் பற்றுச்சான்றாக மட்டும் இருக்கவில்லை. வரிப்பணம் வந்துசேரும் முன்பே அரசர்க்குச் செலவு வந்துவிடும். அவ்வேளைகளில், இனி வரவிருக்கும் வரியிலிருந்து பெற்றுக்கொள்ளுமாறு கூறிக் கோலையே கொடுத்துவிடுவர். வரி வரும்வரை காத்திருக்க இயலாதவர் அக்கோலைக் குறைந்த விலைக்குப் பிறரிடம் விற்றனர். ஒரு மரத்துண்டு கைமாறிக் கைமாறி விலைபோகத் தொடங்கியது. இன்றைய பங்குச்சந்தையில் நிகழ்வதன் கரு இதில் உள்ளது.

கோலின் மதிப்பு மறுபாதியை வைத்திருப்பவரின் நாணயத்தைப் பொறுத்தது. 1672ஆம் ஆண்டில் இரண்டாம் சார்லசு மன்னர், கருவூலம் பட்டிருந்த கடன்களைத் திருப்பித் தருவதை நிறுத்திவைத்தார். அரசை நம்பிக் கடன் கொடுத்திருந்த இலண்டன் பொற்கொல்ல வங்கியாளர் சிலர் நொடித்துப்போயினர். அவர்களிடம் பணம் வைத்திருந்தோரும் இழப்புக்கு உள்ளாயினர். கோலில் போலி செய்ய இயலாதுதான். கோலை வெட்டியவரே கொடுக்க மறுத்தால் மரத்தின் இழையோட்டம் என்ன செய்யும்?

அடுத்த இருபது ஆண்டுகளுக்குப் பின் 1694இல் இங்கிலாந்து வங்கி நிறுவப்பட்டது. பொதுமக்களிடமிருந்து 12 இலட்சம் பவுன் திரட்டி, அதனை ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியில் அரசுக்குக் கடனாகத் தருவது அதன் முதற்பணி. பணம் இட்டவர்கள் வங்கியின் 'ஸ்டாக்' உடையோர் ஆயினர். போர்ச்செலவால் அரசின் கடன் மேலும் பெருகியதால், கருவூலக் கோல்கள் முகமதிப்பைவிட மிகக் குறைந்த விலைக்கே விலைபோயின. இதற்குத் தீர்வாக 1697இல் வங்கி தன் முதலைப் பெருக்க முன்வந்தது. புதிதாகச் சேர்வோர் செலுத்தவேண்டிய தொகையில் ஐந்தில் நான்கு பங்கைக் கருவூலக் கோல்களாகவும், எஞ்சிய ஒரு பங்கை வங்கித்தாள்களாகவும் தரலாம் என்று அறிவித்தது. மரக்கோலாக இருந்த கடன், வங்கியின் முதலாக மாறியது. இந்த ஏற்பாட்டை அக்கால ஆங்கிலேயர் எச்சொல்லால் குறித்தனர் என்பது கவனிக்கத்தக்கது. ஒட்டுக்கட்டுதல் என்று பொருள்படும் தோட்டக்காரரின் சொல்லே அது. அடிமரமாக வங்கியும், ஒட்டுக்குச்சியாக அரசின் கடனும் அவர்தம் மனக்கண்ணில் தோன்றியிருக்கவேண்டும். 'ஸ்டாக்' என்றால் மரம் என்பதை 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அவர்கள் மறக்கவில்லை.

கோல்களின் முடிவு வியப்புக்குரியது. 1782இல் இயற்றப்பட்ட சட்டம் அவற்றை ஒழிக்க வகைசெய்தது. ஆயினும் பழைய அலுவலர் பதவியில் இருக்கும்வரை அவை தொடர்ந்தமையால், 1826இல்தான் வழக்கொழிந்தன. பயனற்றுக் குவிந்து கிடந்த கோல்களை 1834 அக்டோபர் 16ஆம் நாள் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவைக்குக் கீழிருந்த உலைகளில் இட்டு எரித்தனர். நன்கு காய்ந்த மரம் அளவுமீறி எரிந்ததால் உலையின் புகைப்போக்கிகளில் தீப்பற்றி, அன்று மாலையே கட்டடம் முழுவதும் பரவியது. இரு அவைகளும் சாம்பலாயின. பழமைவாய்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் தப்பியது. புதினப் படைப்பாளர் சார்லசு டிக்கன்சு 1855ஆம் ஆண்டில் ஆற்றிய உரையொன்றில் இந்நிகழ்வை எள்ளி நகையாடினார். அருகில் வாழ்ந்த ஏழைகள் அடுப்பெரிக்க எடுத்துச்செல்ல விட்டிருந்தால் இவ்விடர் நேர்ந்திராது என்பது அவருடைய வாதம். அவர் கூற்றில் நகைச்சுவையைவிடச் சினமே மிகுதி.

வெட்டி எடுத்த பங்கு

'ஸ்டாக்' என்பதற்கு மாற்றாக ஆங்கிலத்தில் வழங்கும் 'ஷேர்' என்னும் சொல்லின் பிறப்பும் அறியத்தக்கது. வெட்டுதல், கத்தரித்தல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வேரிலிருந்து அது வந்தது. கத்தரிக்கோலைக் குறிக்கும் 'ஷியர்ஸ்' அதன் உறவு. நிலத்தைக் கிழிக்கும் கலப்பையின் கொழுவைக் குறிக்கும் சொல்லும் அதன் உறவே. ஆகவே 'ஸ்டாக்' என்பது வெட்டப்படாத அடிமரம்; 'ஷேர்' என்பது வெட்டி எடுத்த துண்டு.

இவ்வேறுபாடு வணிக நடைமுறையிலும் இருந்தது. 1600ஆம் ஆண்டின் இறுதி நாளில் அரச பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் குழுமத்தின் தொடக்கக் கால வணிகர்கள், ஒவ்வொரு கப்பல் பயணத்துக்கும் தனித்தனியே பணம் திரட்டினர். கப்பல் திரும்பி, சரக்கு விற்றபின் முதலையும் ஊதியத்தையும் பிரித்துக்கொண்டு கணக்கை முடித்தனர். கப்பல் திரும்பாவிடில் அனைத்தும் இழப்பு. பின்னர்ப் பல பயணங்களுக்கும் பொதுவாகப் பணத்தைச் சேர்த்துவைக்கும் முறை வந்தது. 1657இல் அது நிலையான முதலாயிற்று. கூட்டாகச் சேர்த்துவைத்த அடிமரம் என்னும் பொருளில் அதற்கு 'ஜாயின்ட் ஸ்டாக்' என்று பெயர். சோழமண்டலக் கரையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டியது இத்தகைய பணத்தால் இயங்கிய குழுமமே. இலண்டனில் பணம் இட்ட ஒருவர், தாம் காணாத கடற்கரையில் எழுந்த கோட்டையில் உரிமை கொண்டாட இச்சொல் வழிவகுத்தது.

சட்ட நடையில் இன்றும் இவ்விரு சொற்களும் முழுதும் ஒன்றல்ல. பங்குகள் எண்ணிக்கையுடையவை, பத்துப் பங்கு, நூறு பங்கு எனலாம். 'ஸ்டாக்' எண்ணிக்கையற்ற ஒரே தொகுதி. அதில் எத்தொகைக்கும் உரிமை பெறலாம். முழுவதும் பணம் செலுத்தப்பட்ட பங்குகளை ஒரு நிறுமம் 'ஸ்டாக்' ஆக மாற்றிக்கொள்ளவும், அதனை மீண்டும் பங்குகளாக்கவும் இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டம் இடமளிக்கிறது.

இதனினும் முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்கர் 'ஸ்டாக்' என்றால் நிறுமத்தின் பங்கு என்றே கொள்வர். பிரித்தானிய வழக்கில் அரசு வாங்கிய கடனுக்கான பத்திரமும் 'ஸ்டாக்' எனப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல கடன்களை ஒன்றாகத் திரட்டி, திருப்பித் தரும் நாள் குறிப்பிடாமல் பிரித்தானிய அரசு வெளியிட்ட 'கன்சால்' என்னும் பத்திரங்கள் இவ்வகையின. எஞ்சியிருந்த அத்தகைய கடன்களை அவ்வரசு 2015ஆம் ஆண்டில்தான் முழுமையாகத் தீர்த்தது. பங்கு வைத்திருப்பவர் நிறுமத்தின் உரிமையாளருள் ஒருவர். ஊதியம் வந்தால் பெறுவார், இழப்பு வந்தால் இழப்பார். கடன் பத்திரம் வைத்திருப்பவரோ கடன் கொடுத்தவர். ஊதியம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டிக்கு உரியவர். நிறுமம் கலைக்கப்பட்டால் கடன் கொடுத்தோர்க்குத் தந்தது போக எஞ்சியதே பங்கு உடையோர்க்கு. ஆகவே ஆங்கில நூலொன்றில் 'அரசு ஸ்டாக்' என்று வருமிடத்தில் அரசின் பங்கு என்று மொழிபெயர்ப்பவர் சொல்லை மட்டும் மாற்றவில்லை. கடன் கொடுத்தவரை உரிமையாளராகவே மாற்றிவிடுகிறார். சேமிப்பை எதில் இடுவது என்று அம்மொழிபெயர்ப்பைப் படித்து முடிவெடுக்கும் ஒருவருக்கு இது சிறிய பிழையன்று.

தமிழ் கண்ட வழி

மரத்தின் அடியிலிருந்து வணிகத்தின் அடிக்குச் செல்லும் பாதை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. முதல் என்னும் தமிழ்ச் சொல்லை நோக்குக. தொடக்கம், காரணம், வேர், மரத்தின் அடிப்பகுதி, வணிகத்தில் இடும் பொருள் ஆகிய அனைத்தும் அதன் பொருள்களாகும். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, பெரியாரைத் துணைக்கோடல் ஆகிய அதிகாரங்களில் முதல் என்பது வணிக முதல் என்னும் பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. கணக்குக்கோலும் கருவூலமும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழர் இவ்வுவமையைச் சொல்லாக்கிவிட்டனர். வடமொழி வழிவந்த மூலதனம் என்பதிலும் மூலம் என்பது வேரைக் குறிக்கிறது.

கால்நடையும் செல்வமும் ஒரு சொல்லில் இணைந்து நிற்பதிலும் மொழிகள் ஒத்துள்ளன. ஆங்கிலத்தில் மாட்டினத்தைக் குறிக்கும் 'கேட்டில்', முதலைக் குறிக்கும் 'கேபிடல்' ஆகிய இரண்டும் தலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. 'கேட்டில்' முதலில் உடைமை அனைத்தையும் குறித்து, பின்னரே மாட்டினத்துக்குரியதாகச் சுருங்கியது. தமிழில் மாடு என்பதற்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. கல்வி அதிகாரத்தில் வள்ளுவர் அச்சொல்லைச் செல்வம் என்னும் பொருளில் ஆள்வதை மாணவர் அறிவர்.

எனினும் 'ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்' என்பதற்குப் பெயர் காண முற்பட்டபோது தமிழ் முதலைக் கொள்ளவில்லை, பங்கைக் கொண்டது. இலண்டனில் ஜோனதன் காப்பிக்கடையில் கூடி வாங்கி விற்ற தரகர்கள் 1773இல் தமக்கெனக் கட்டடம் கண்டபோது அதற்கு இட்ட பெயர் 'ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்'. மும்பையில் 1850களில் நகர மண்டபத்துக்கு எதிரே ஆலமரத்தடியில் கூடிய தரகர்கள் 1875இல் அமைத்த சங்கத்தின் பெயரில் 'ஷேர்', 'ஸ்டாக்' இரண்டும் இடம்பெற்றன. அடிமரம் என்று பொருள்படும் ஒன்றை மரத்தடியில் அமர்ந்து விற்றனர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

கூட்டு முதல் என்று பெயரிட்டிருந்தால் 'ஜாயின்ட் ஸ்டாக்' என்பதன் மூலப்பொருளுக்கு அது இன்னும் நெருங்கியிருக்கும். வணிகவியல் நூல்களோ கூட்டுப் பங்கு நிறுமம் என்றே எழுதுகின்றன. இத்தேர்வைக் குறைகூற இயலாது. முதல் என்பது தொடக்கம் என்னும் பொருளில் நாள்தோறும் வழங்குவதால், முதல் சந்தை என்றால் முதலாவது சந்தை என்றே கேட்போர் கொள்வர். பங்கு அவ்வாறு மயங்காது. தமிழர் வாழ்வில் நெடுங்காலமாகப் புழங்கிவருவது அது. தொண்டைமண்டலத்தின் காணியாட்சி ஊர்களில் விளைநிலம் பங்குகளாகக் கணக்கிடப்பட்டது. இத்தனை பங்கு உடைய ஊர் என்று குறிப்பது வழக்கம். பங்குடையோர் ஊரின் விளைச்சலிலும் உரிமையிலும் தத்தம் அளவுக்கு ஏற்பப் பெற்றனர். பங்கை விற்கவும் ஈடுவைக்கவும் செய்தனர். தந்தைவழிச் சொத்தில் உரிமையுடைய உறவினரைப் பங்காளி என்று இன்றும் அழைக்கிறோம். அப்பழஞ்சொல்லோடு உடையவர் என்னும் பொருள்தரும் பாரசீக ஈறு சேர்ந்து பங்குதாரர் என்னும் சொல் உருவாயிற்று. நிறுமங்கள் ஆண்டுதோறும் அனுப்பும் அறிக்கைகளின் தமிழ் வடிவத்தில் முதலில் விளிக்கப்படுபவர் அவரே.